ஐ வில் கோ அண்ட் கம்

போன வாரம் நவரைக்கு நாத்து விட்ட கதையை எழுதினேன். அடுத்து களையைப் பத்தி எழுதறேன்னு சொல்லியிருந்தேன். களை ஒரு வாரம் காத்திருக்கட்டும். (வயல்ல அது காத்திருக்காது, அது வேற விஷயம்.) இந்த வாரம் மனசு அதுல இல்லை. ஒரு சிரிப்புச் சத்தம் காதுக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கு. அதை இறக்கி வெச்சாத்தான் எனக்கு மத்த வேலை ஓடும்.

தம்பி மக இந்த வருஷம் பி.காம். முடிச்சா. ஆவடி பக்கம் ஒரு காலேஜ். பள்ளிக்கூடம் முழுக்க தமிழ் மீடியம், அரசுப் பள்ளி. கணக்குல கெட்டி. கீரைக்கட்டு கணக்கு, ஆள் கூலி, உரக்கடை பாக்கி எல்லாம் எங்க வீட்ல அவ நோட்டுலதான் இருக்கு. திருமழிசையைத் தாண்டினா இப்ப வயலை விட குடோன்தான் ஜாஸ்தி. வண்டலூர் மீஞ்சூர் வெளிவட்டச் சாலை வந்தப்புறம் ரெண்டு பக்கமும் தகரக் கூரையா எழும்பிக்கிட்டே இருக்கு. அதுல ஒண்ணுல பில்லிங் வேலைக்கு ஆள் எடுக்கறாங்கன்னு இன்டர்வியூக்குப் போனா.

உள்ள மூணு பேர். மூணு பேரும் தமிழ் ஆளுங்க. ஒருத்தர் மதுரைப் பக்கம்னு பேச்சுலயே தெரிஞ்சுதாம். கேள்வி எல்லாம் இங்கிலீஷ்ல. இவ தட்டுத்தடுமாறி பதில் சொல்லியிருக்கா. ஜி.எஸ்.டி. கணக்கு ஒண்ணு கொடுத்து போடச் சொன்னாங்களாம், சரியா போட்டுட்டா. எல்லாம் முடிஞ்சு எழுந்திருக்கும்போது, "தேங்க் யூ சார், ஐ வில் கோ அண்ட் கம்"னு சொல்லியிருக்கா.

மூணு பேரும் சிரிச்சிருக்காங்க. அதோட விட்டிருந்தா பரவாயில்லை. ஒருத்தர் வெளியே வந்து, ரிசப்ஷன்ல இருந்த பொண்ணுகிட்ட அதே வார்த்தையை அதே குரல்ல சொல்லிக் காட்டி, அந்தப் பொண்ணும் சிரிச்சிருக்கு. இவ செருப்பு மாட்டிக்கிட்டு நின்னவ காதுல எல்லாம் விழுந்திருக்கு.

வீட்டுக்கு வந்தவ சாப்பிடலை. சாயங்காலம் மோட்டார் கொட்டாய்ல நான் இருக்கும்போது வந்து, "இனிமே இன்டர்வியூக்கு எல்லாம் போமாட்டேன் பெரிப்பா. குட்டி யானை ஓட்ட லைசென்ஸ் எடுத்துக் குடு, கீரை ஏத்திக்கினு போறேன்"னு சொன்னா. வண்டி ஓட்டறது கேவலம்னு நான் சொல்ல வரலை. ஆனா அவ அதை ஆசைப்பட்டுக் கேக்கலையே.

"போயிட்டு வரேன்"னு சொல்றது என்னன்னு நமக்குத் தெரியும். நம்ம வீட்ல யாரும் "போறேன்"னு சொல்லிட்டுக் கிளம்ப மாட்டாங்க. தெரியாம ஒரு குழந்தை சொல்லிட்டாக்கூட கிழவி திருத்துவா, "வரேன்னு சொல்லுடா"ன்னு. அப்போ இவ அங்க செஞ்சது என்ன? மூணு பெரியவங்க உக்காந்திருந்த இடத்துல, தன் வீட்ல கத்துக்கிட்ட மரியாதையை அவங்க பாஷையில சொல்லிப் பார்த்திருக்கா. இங்கிலீஷ்ல அந்த மரியாதைக்கு வேற சட்டை. "தேங்க் யூ, ஹேவ் எ குட் டே"ன்னு சொல்லியிருக்கணும். அதை அவளுக்கு யாரும் சொல்லித் தரலை. அவ்வளவுதான் விஷயம்.

ஒரு வெள்ளைக்காரன் உக்காந்திருந்தா அவனுக்கு அது புரிஞ்சிருக்காது. எங்கே போயிட்டு எப்ப வருவான்னு முழிச்சிருப்பான். சிரிச்சிருக்க மாட்டான், ஏன்னா அதுல இருக்கற தமிழ் அவனுக்குத் தெரியாது. அந்த மூணு பேருக்கும் அது தெரியும். தெரிஞ்சதாலதான் சிரிச்சாங்க. ஒரு காலத்துல தாங்களும் அதே தப்பைப் பண்ணி, யார்கிட்டயோ சிரிப்பு வாங்கி வந்தவங்களாத்தான் இருக்கணும். மாமியார் கொடுமையை மருமகமேல இறக்கற கதைதான் இது.

என் தம்பிக்கு ஒரே யோசனைதான் தோணிச்சு. ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ். 90 நாள், 18,000 ரூபாய். சரி, பார்த்துட்டு வரலாம்னு நானும் அவளோட டெமோ கிளாஸுக்குப் போனேன். ஏ.சி. ரூம். சுவத்துல லண்டன் மணிக்கூண்டு படம். வாத்தியார் தம்பிக்கு முப்பது வயசு இருக்கும், நல்ல சுறுசுறுப்பு. முதல் விதியே, உள்ள தமிழ்ல பேசினா பத்து ரூபாய் அபராதம். அடுத்து ஒவ்வொருத்தரையா எழுந்து நிக்க வெச்சு "இன்ட்ரொட்யூஸ் யுவர்செல்ஃப்". தப்பு வந்தா நடுவுலயே நிறுத்தி, மத்தவங்களைக் கேக்கறார், என்ன தப்புன்னு. எல்லாரும் சிரிக்கறாங்க. அவர் அதை ஜாலியான முறைன்னு நினைச்சுக்கிட்டு இருக்கார். இன்டர்வியூல ஓசியா கிடைச்ச சிரிப்புக்கு இங்க 18,000 ரூபாய். ஒண்ணரை மணி நேரத்துல ஒருத்தர்கூட, "இந்தக் காகிதத்துல என்ன எழுதியிருக்கு, படிச்சு அர்த்தம் சொல்லு"ன்னு கேக்கலை. இதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வருது.

கிளாஸ் நடத்தறவரை மட்டும் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அவர் நம்ம பயத்துக்குக் கடை போட்டிருக்கார். அந்தப் பயத்தை நாத்து விட்ட இடம் பள்ளிக்கூடம்.

நான் பத்தாவது படிச்சது எண்பதுகளோட கடைசியில. இங்கிலீஷ் ஃபர்ஸ்ட் பேப்பர், செகண்ட் பேப்பர்னு ரெண்டு. செகண்ட் பேப்பர்ல நான் புலி. ஆக்டிவ் வாய்ஸைப் பேசிவ் வாய்ஸா மாத்து, டைரக்ட் ஸ்பீச்சை இன்டைரக்ட்டா மாத்து. "ராமா கில்டு ராவணா." "ராவணா வாஸ் கில்டு பை ராமா." முழு மார்க். எதுக்கு மாத்தணும், மாத்தினா என்ன ஆகுது, யாருக்கு லாபம்னு யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. "ஐ, வீ வந்தா ஷேல், மத்ததுக்கு வில்"னு ஒரு விதி, அதையும் மனப்பாடம் பண்ணினேன்.

எங்க சார் மேசையில எப்பவும் ரென் அண்ட் மார்ட்டின் புத்தகம் இருக்கும். இன்னைக்கும் கடையில விக்குது. அது 1930கள்ல வந்த புத்தகம். இந்தியாவுல வேலை பார்த்த பிரிட்டிஷ் அதிகாரிங்க வீட்டுப் பிள்ளைங்களை மனசுல வெச்சு எழுதினது. யோசிச்சுப் பாருங்க. அந்தப் பிள்ளைங்க வாயில இங்கிலீஷ் ஏற்கெனவே இருந்துச்சு. அம்மா மடியிலயே வந்துடுச்சு. இருக்கறதைப் பிரிச்சு, புடைச்சு, பேர் வெக்கறதுக்கு அவங்களுக்கு அந்தப் புத்தகம் சரி. நம்ம பிள்ளைங்க வாயில இன்னும் ஒரு மணி நெல்லு விழலை, கையில முறத்தைக் கொடுத்துத் தூத்துன்னா எதைத் தூத்தும்? புத்தகம் மோசம்னு சொல்லலை, நல்ல புத்தகம். ஆனா ரெண்டாவதா வரவேண்டியது நம்ம ஊர்ல முதல்ல வந்துடுச்சு.

இதை நான் தெரிஞ்சுக்கிட்டது அம்பத்தூர் எஸ்டேட்ல. பத்தாவது முடிச்சு ரெண்டு வருஷம் கழிச்சு, அங்க ஒரு லேத் பட்டறையில நாலு வருஷம் வேலை பார்த்தேன். எங்க மேஸ்திரி ஆறாவது ஃபெயில். ஆனா டிராயிங் பேப்பரை விரிச்சா அதுல இருக்கற இங்கிலீஷ் முழுக்க அவருக்கு அத்துப்படி. சேம்ஃபர், நர்லிங், ஃபேசிங், டாலரன்ஸ். "நாட் டு ஸ்கேல்"னு மூலையில பொடி எழுத்துல இருக்கறதை முதல்ல பார்ப்பார். "இதைப் பார்க்காம படத்துல அளவு எடுத்தே, பீஸ் ரிஜக்ட், உன் சம்பளம் காலி"ன்னு சொல்லுவார். அந்த நாலு வார்த்தையைப் படிக்கலைன்னா காசு போகும்னு தெரிஞ்சதால நாங்க எல்லாரும் படிச்சோம். யாரும் எங்களைப் பார்த்துச் சிரிக்கலை, அபராதமும் போடலை. "டாலரன்ஸ்"ங்கறதை அவர் "தாலரம்"னுதான் சொல்லுவார். பீஸ் கரெக்டா வந்துச்சு.

உச்சரிப்புன்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. வெள்ளைக்காரனுக்குப் பூவிருந்தவல்லி வாயில நுழையலை. பூனமல்லின்னு எழுதி வெச்சான். திருவல்லிக்கேணி டிரிப்ளிகேன் ஆச்சு, தூத்துக்குடி டூட்டிகொரின் ஆச்சு. நாம சிரிச்சோமா? போர்டுல பெயின்ட் அடிச்சு, ரயில்வே டிக்கெட்ல அச்சடிச்சு, இருநூறு வருஷமா அவன் தப்பைக் காப்பாத்திக்கிட்டு வரோம். 2020 ஜூன்ல 1018 ஊர் பேரோட இங்கிலீஷ் எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏத்தபடி மாத்தி அரசாணை வந்துச்சு. சில நாள்லயே வாபஸ் வாங்கிட்டாங்க. அணைக்கட்டை "அனிகட்"னு, மிளகுத்தண்ணியை "முலிகடானி"ன்னு, சுருட்டை "செரூட்"னு சிதைச்சு அவன் டிக்‌ஷனரியிலயே ஏத்திக்கிட்டான். நம்ம "ஐயோ"கூட 2016-ல ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குள்ள போயிடுச்சு. அவன் தப்பு அகராதிக்குப் போகுது, நம்ம பிள்ளை தப்பு ரிசப்ஷனுக்குப் போகுது.

வெள்ளைக்காரன் தமிழ் கத்துக்கிட்ட விதத்தையும் கொஞ்சம் பார்க்கணும். 1812-ல சென்னையில கோட்டைக் கல்லூரின்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. எல்லீசன்னு நாம சொல்ற எல்லிஸ் துரை அதுல முக்கியமான ஆள். கப்பல்ல வந்து இறங்கற கம்பெனி உத்தியோகப் பையன்கள் அங்க உக்காந்து தமிழோ தெலுங்கோ படிச்சுத் தேறணும். ஏன்? நிலவரி வசூலிக்கணும், வழக்கு விசாரிக்கணும், ரயத்து கொடுக்கற மனுவைப் படிக்கணும். வேலைக்காகப் படிச்சான். அதுக்கும் முன்னாடி இத்தாலியில இருந்து வந்த வீரமாமுனிவர் தமிழுக்கு லத்தீன்ல ரெண்டு தனித்தனி இலக்கணம் எழுதினார். ஒண்ணு செந்தமிழுக்கு, ஒண்ணு கொடுந்தமிழுக்கு, அதாவது ஜனங்க வாயில இருக்கற பேச்சுக்கு. வந்து சேர்ற பாதிரியாருக்குப் பேச்சுத் தமிழ் தனியா வேணும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஆளுக்குத் தோணினது, நம்ம பாடத்திட்டத்துக்குத் தோண எவ்வளவு காலம் ஆகுது பாருங்க.

நம்ம பிள்ளைங்களுக்கு கிராமர் வராதுன்னு சொல்றவங்களைக் கண்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும். நான் போறேன், நீ போறே, அவன் போறான், அவ போறா, அவங்க போறாங்க, அது போகுது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வால். மூணு வயசுக் குழந்தை ஒரு வால்கூட மாத்தாம பேசுது. இங்கிலீஷ்ல "ஹீ கோஸ்"னு ஒரே ஒரு வால். ஆறு வாலைச் சமாளிக்கற பிள்ளைக்கு ஒரு வால் வராதா? உன் பாஷையிலயும் இது இருக்குன்னு யாரும் காட்டலை. தமிழைக் கிளாஸுக்கு வெளியே செருப்போட கழட்டி வெச்சுட்டு வான்னுதான் சொன்னாங்க.

அன்னைக்கு மோட்டார் கொட்டாய்ல அவகிட்ட சொன்னதை இங்கயும் சொல்றேன். "நேத்து தண்ணி பாய்ச்சினேன்"னு சொன்னா கதை முடிஞ்சுது. இன்னைக்கு மண்ணு காஞ்சும் இருக்கலாம். "தண்ணி பாய்ச்சியிருக்கேன்"னு சொன்னா, இப்ப கால் வெச்சா சேறு ஒட்டும்னு அர்த்தம். பிரசன்ட் பர்ஃபெக்ட்னு பயமுறுத்தறது இதைத்தான். "மாடு வாங்கினேன்"னா ஏதோ ஒரு மாடு. "மாட்டை வாங்கினேன்"னா நீயும் நானும் முன்னாடியே பேசி வெச்ச அந்த மாடு. இங்கிலீஷ்ல அதுக்கு "ஏ", "தி". எல்லா இடத்துலயும் இந்தக் கணக்கு ஒத்து வராது, முக்கால்வாசி ஒத்து வரும். அவ கொஞ்ச நேரம் வாய்க்காலைப் பார்த்துக்கிட்டே இருந்தா. "இத்த ஏன் பெரிப்பா எங்க மிஸ் சொல்லலை?"ன்னு கேட்டா. மிஸ்ஸுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டாங்கம்மான்னேன்.

மரியாதையும் அப்படித்தான். தமிழ்ல மரியாதை வினையோட வால்லயே இருக்கு. "தண்ணி குடுங்க." அந்த "ங்க"வுல எல்லாம் அடங்கிடுச்சு. அதை அப்படியே "கிவ் மீ வாட்டர்"னு மாத்தினா இலக்கணம் சரி, ஆனா இங்கிலீஷ்காரன் காதுல அது அதட்டல். அவன் மரியாதையை "குட் யூ", "ப்ளீஸ்"னு முன்னாடியும் பின்னாடியும் தனியா மூட்டை கட்டி வெக்கறான். போன் எடுத்தா நாம "சொல்லுங்க"ன்னு சொல்றோம். அதை "டெல் மீ"ன்னு சொன்னா, சீக்கிரம் சொல்லித் தொலைன்னு கேக்கும். இந்த மாதிரி அம்பது விஷயத்தைப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுத்திருந்தா எங்க வீட்டுப் பொண்ணு அன்னைக்குத் தலை குனிஞ்சு வந்திருக்க மாட்டா. இதுக்கு அபராதம் தேவையில்லை, லண்டன் மணிக்கூண்டும் தேவையில்லை.

அப்போ இங்கிலீஷே வேணாம், தமிழ் போதும்னு சொல்றவங்களும் எங்க ஊர்ல உண்டு. மேடையில பேசறவங்க. அவங்க பிள்ளைங்க எந்த வேன்ல ஏறுதுன்னு காலையில ஏழரை மணிக்கு ரோட்டுல நின்னா தெரியும். 1968 ஜனவரியில சட்டமன்றத்துல தமிழும் இங்கிலீஷும்னு இருமொழிக் கொள்கையை முடிவு பண்ணினாங்க. அது சரியான முடிவுன்னுதான் இன்னைக்கும் சொல்றேன். ஆனா ஒரு பாஷை வேணும்னு முடிவு பண்ணினா, அது ஏழை பிள்ளைக்கும் கைக்கு வர்ற மாதிரி சொல்லிக் கொடுக்கணும். இல்லைன்னா அது காசு இருக்கறவன் வீட்டு வேலி. அரசுப் பள்ளியில இங்கிலீஷ் மீடியம் செக்‌ஷன் வந்து வருஷமாச்சு. மீடியத்தை மாத்தினா மாறிடும்னு நினைச்சாங்க. சொல்லித் தர்ற விதம் அதேதான், இப்ப கணக்கும் புரியலைன்னு பிள்ளைங்க சொல்லுது.

"விவசாயிக்கு எதுக்குய்யா இங்கிலீஷ்?"னு கேக்கறவங்களுக்கு எங்கப்பா கதையைத்தான் சொல்லணும். இதை இங்க இதுவரைக்கும் எழுதினதில்லை.

1994. ஏரிக்கரை ஓரமா எங்களுக்கு ஒரு காணி இருந்துச்சு, 132 சென்ட். மனை போடற ஒருத்தர் வந்து கேட்டார். அப்பாவுக்கு அக்கா கல்யாணக் கடன் இருந்துச்சு, ஒத்துக்கிட்டார். முன்பணம் கொஞ்சம் கொடுத்தாங்க, பாக்கி ஆறு மாசத்துலன்னு வாயால பேச்சு. பத்திரம் இங்கிலீஷ்ல வந்துச்சு. அப்பா தினமும் பேப்பரை ஒரு வரி விடாம படிக்கற மனுஷன், ஆனா தமிழ் மட்டும்தான் தெரியும். "நீ படிடா"ன்னு என்கிட்ட கொடுத்தார். அந்த ஆளுங்க முன்னாடி நான் நின்னு வாய்விட்டுப் படிச்சேன். ஒரு இடத்துல "தி வெண்டார் ஹேஸ் ரிசீவ்டு தி என்டையர் கன்சிடரேஷன்"னு இருந்துச்சு. எனக்கு கன்சிடர்னா கருத்துல எடுத்துக்கறது. உங்களை நல்லா கன்சிடர் பண்ணியிருக்காங்கன்னு போட்டிருக்குப்பான்னு சொன்னேன். ஹேஸ் ரிசீவ்டு எனக்கு ஹேஸ் பிளஸ் வி-த்ரீ. படிச்சு முடிச்சதும் மனைக்காரர், "பையன் உச்சரிப்பு பிரமாதமா இருக்கு"ன்னு பாராட்டினார். அப்பாவுக்கு முகமெல்லாம் பெருமை. தமிழ்ல கையெழுத்துப் போட்டார்.

கன்சிடரேஷன்னா பத்திரத்துல கிரயப் பணம். ஹேஸ் ரிசீவ்டுன்னா வாங்கியிருக்கார். வாங்கியாச்சு, சேறு கால்ல ஒட்டியிருக்கு. மொத்தப் பணமும் கைக்கு வந்துடுச்சுன்னு அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டார். ஆறு மாசம் கழிச்சுப் பாக்கி கேட்டப்போ அந்த வரியைத்தான் காட்டினாங்க. வக்கீல்கிட்ட போனோம், அவரும் அதே வரியைத்தான் காட்டினார். அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டலை. கடைசி வரைக்கும் திட்டலை. செகண்ட் பேப்பர்ல நான் வாங்கின மார்க் என்னன்னு மட்டும் எனக்கு இப்பவும் ஞாபகம் இருக்கு, இங்க எழுதப் பிடிக்கலை.

பின்னாடி ஒரு தடவை பதிவுச் சட்டம் 1908-ஐத் தேடிப் படிச்சேன். அதுல 19-ம் பிரிவு. பதிவு பண்ற அதிகாரிக்குப் புரியாத, அந்த மாவட்டத்துல புழங்காத பாஷையில பத்திரம் வந்தா, மொழிபெயர்ப்பு கூட இல்லாம பதியக் கூடாதுன்னு இருக்கு. நல்ல விதிதான். ஆனா அது கேக்கறது அதிகாரிக்குப் புரியுதான்னு. கையெழுத்துப் போடறவனுக்குப் புரியுதான்னு அந்தப் பிரிவு கேக்கலை. அதிகாரிக்கு இங்கிலீஷ் தெரியும், அவர் வேலையை அவர் சரியா செஞ்சார். தெரியாதவன் எங்கப்பன், பக்கத்துல தெரிஞ்ச மாதிரி நின்னவன் நான்.

பத்திரம் தமிழ்ல இருந்தா மட்டும் ஏமாத்த முடியாதான்னா, முடியும். "ஆவன செய்யப்படும்", "பரிசீலிக்கப்படும்"னு தாலுகா ஆபீஸ்ல இருந்து எனக்கு வந்த கடுதாசி ஒரு கோணிப்பை இருக்கு. யார் செய்வா, எப்ப செய்வான்னு அதுலயும் இருக்காது. எந்த பாஷையா இருந்தாலும் செய்யறவன் பேரை ஒளிச்சு வெக்கற வித்தை ஒண்ணுதான். தமிழ்ல ஒளிச்சா நமக்குக் கொஞ்சம் சீக்கிரம் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்ப இந்த மாச விஷயத்துக்கு வரேன். தம்பியோட 90 சென்ட்டை குடோனுக்கு 15 வருஷக் குத்தகைக்குக் கேக்கறாங்க. கொடுக்கறதுல எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ஆனா போர் தண்ணி கெட்டுப் போச்சு, அறுப்புக்கு ஆள் கிடைக்கலை, தம்பியைக் குத்தம் சொல்ல முடியாது. அக்ரிமெண்ட் நகல் பதினோரு பக்கம், முழுக்க இங்கிலீஷ். புரோக்கர் கொடுத்துட்டு, "எல்லாம் ஃபார்மாலிட்டிதாங்க, ஸ்டாண்டர்டு ஃபார்மேட்"னு சொல்லிட்டுப் போனார்.

அதை நான் யார்கிட்ட கொடுத்தேன்னு நினைக்கறீங்க? இன்டர்வியூல சிரிப்பு வாங்கினவகிட்டதான். முதல்ல மாட்டேன்னா. வாய்விட்டுப் படிக்க வேணாம்மா, உச்சரிப்பு நமக்கு வேணாம், ஒவ்வொரு வரியிலயும் யார் செய்யணும், யாருக்குச் செய்யணும், எப்ப செய்யணும்னு மட்டும் பென்சில்ல எழுதுன்னேன். மூணு ராத்திரி உக்காந்தோம். டிக்‌ஷனரி ஒண்ணு, போன் ஒண்ணு. முதல் ராத்திரி ஒரு பக்கம்தான் நகர்ந்துச்சு.

ரெண்டாவது ராத்திரி அவளே ஒண்ணு கண்டுபிடிச்சா. "பெரிப்பா, நம்ம பேர் வர்ற எடத்துல எல்லாம் ஷேல் இருக்குது, அவங்க பேர் வர்ற எடத்துல எல்லாம் மே இருக்குது"ன்னா. எண்ணினோம். நிலத்துக்காரர் "ஷேல்" 14 இடம். குத்தகைக்காரர் "மே" 9 இடம். பத்திரத்துல ஷேல்னா செஞ்சே ஆகணும். மேன்னா இஷ்டப்பட்டா செய்யலாம். "ஐ, வீ வந்தா ஷேல்"னு படிச்ச பிள்ளைக்கு, ஷேல்னா கட்டளைன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை வாடகை ஏத்தறது "மே பி ரிவைஸ்டு". ஏத்தினாலும் ஏத்தலாம், ஏத்தாமலும் இருக்கலாம். ஏத்தறது யாருன்னும் இல்லை. "பை" இல்லாத பேசிவ் வாய்ஸ். ராவணன் செத்துட்டான், கொன்னவன் பேர் மட்டும் இல்லை. குத்தகை முடிஞ்சதும் கான்கிரீட்டைப் பேத்து நிலத்தைப் பழையபடி ஆக்கறதும் "மே". பக்கம் ஏழுல ஒரு "வீ" வேற. நம்மளா, அவங்க மட்டுமா? தமிழ்ல நாம, நாங்கன்னு ரெண்டு இருக்கு. இங்கிலீஷ்ல ஒண்ணுதான். இவ்வளவு பெரிய பாஷையில அந்த ஒரு ஓட்டை இருக்கு, அதுக்காக யாரும் இங்கிலீஷைப் பார்த்துச் சிரிக்கறதில்லை.

மூணு இடத்தை மாத்தணும்னு அவளே இங்கிலீஷ்ல நாலு வரி எழுதினா. அதுல ரெண்டு தப்பு இருந்துச்சு, ஒண்ணு நான் பார்த்தேன், ஒண்ணு எங்க ரெண்டு பேருக்குமே தெரியாம போயிடுச்சு. அப்படியே அனுப்பினோம். புரோக்கர் போன் பண்ணி, "யாருங்க எழுதினது, இங்கிலீஷ் கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்கே"ன்னு சிரிச்சார். போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு. அவ முகம் சுருங்கினதைப் பார்த்தேன். ஆனா இந்தத் தடவை எழுந்து போகலை. "இங்கிலீஷை விடுங்க சார், பக்கம் நாலுல மேயை ஷேலா மாத்துவீங்களா, மாத்த மாட்டீங்களா?"ன்னு கேட்டா. அந்தப் பக்கம் சிரிப்பு நின்னுச்சு. கேட்டுச் சொல்றேன்னார்.

நேத்து நகல் திரும்பி வந்துச்சு. வாடகை இடத்துல மேயை அடிச்சு ஷேல் போட்டிருக்காங்க. "வீ"க்குப் பதிலா குத்தகைக்காரர்னு தெளிவா பேர் வந்துடுச்சு. கான்கிரீட் பேக்கற இடம் மட்டும் இன்னும் மேயாவே நிக்குது. அதை மாத்தாம கையெழுத்து இல்லைன்னு தம்பிகிட்ட சொல்லிட்டேன். அவனுக்கு என்மேல கொஞ்சம் கோவம், முன்பணம் கையை விட்டுப் போயிடுமோன்னு. வெள்ளிக்கிழமை புரோக்கர் வரேன்னிருக்கார். ஸ்போக்கன் கிளாஸுக்குப் பணம் கட்டலை. வேற ஒரு குடோன்ல இருந்து திங்கக்கிழமை இன்டர்வியூன்னு மெசேஜ் வந்திருக்கு, போறதா வேணாமான்னு அவ இன்னும் சொல்லலை, நானும் கேக்கலை. காலையில சிறுகீரை அறுப்பு இருக்கு, நாலு மணிக்கு எழுந்திருக்கணும். களை அடுத்த வாரம்.